ஒற்றை மெத்திலின் கைவண்ணம்

பீனாலின் ஆக்சிஜனில் ஒட்டியிருக்கும் ஹைட்ரஜனை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு மெத்திலை வைத்தால் அனிசோல். பீனால் ஈதர்களில் மிக எளியது இதுதான். பீனால் பட்டால் தோல் வெந்துபோகும்; நெடியோ பழைய ஆஸ்பத்திரி நெடி. அனிசோல் சோம்பு வாசனை வீசும் தெளிந்த திரவம். எடை கூடியும் கொதிநிலை இறங்குகிறது: பீனாலுக்கு 182 டிகிரி, இதற்கு 154. மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துவைத்த ஹைட்ரஜன் பிணைப்பு போய்விட்டதல்லவா?

முறைப்படி அமைத்த வேதிப்பெயர் மீத்தாக்சிபென்சீன். மெத்திலுக்குப் பதில் எத்தில் வந்தால் எத்தாக்சிபென்சீன், வழக்கில் பீனடோல். பெயர்க்கதை இவ்வளவே.

எனக்குப் பிடித்தது அனிசோலின் பிடிவாதம். ஆக்சிஜனின் தனி இரட்டை எலக்ட்ரான்கள் வளையத்துக்குள்ளும் பரவுவதால், வளையத்தோடு உள்ள பிணைப்பு இறுகிவிடுகிறது. ஹைட்ரோ அயோடிக் அமிலத்தோடு காய்ச்சினால் மெத்தில் பக்கம்தான் அறும். பீனாலும் மெத்தில் அயோடைடும் கிடைக்கும். அயோடோபென்சீன் என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிடாத மாணவர் குறைவு.

வேதியியலாளர் சைமன் சைசல் 1885-இல் இந்தப் பிடிவாதத்தையே அளவுகோலாக்கினார். வெளிவரும் மெத்தில் அயோடைடு ஆவியைச் சில்வர் நைட்ரேட் கரைசலில் செலுத்தினால், மஞ்சளாகச் சில்வர் அயோடைடு படியும். அதை வடிகட்டி, உலர்த்தி எடை போட்டால் மூலக்கூறில் எத்தனை மீத்தாக்சி (ஆக்சிஜனில் ஒட்டிய மெத்தில்) என்று தெரிந்துவிடும். நிறமாலைமானிகள் வராத காலத்தில், ஒரு தராசை வைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாததை எண்ணிய அழகு அது! சைசல் ஆராய்ந்த பொருள்களில் ஒன்று கோல்ச்சிசின். நம் செங்காந்தள் விதையில் இருக்கிறதே, அதே நஞ்சு, அதே கீல்வாத மருந்து. அதில் நான்கு மீத்தாக்சிகள். மூன்று பென்சீன் வளையத்தில்.

சமையலறைக்கு வந்தால் ரசனை இன்னும் கூடும். சோம்பிலும் அன்னாசிப்பூவிலும் மணப்பது அனித்தோல்: அனிசோல் வளையத்தின் எதிர்முனையான பாரா இடத்தில் மூன்று கார்பன் வால். அந்த வாலில் இரட்டைப் பிணைப்பு ஓரிடம் தள்ளி நுனிக்குப் போனால் எஸ்ட்ரகோல், திருநீற்றுப்பச்சிலையில் இருப்பது. அணுக்கள் அத்தனையும் அதே எண்ணிக்கை. ஆனால் அனித்தோலின் தித்திப்பு எஸ்ட்ரகோலுக்கு வராது.

கிராம்பின் யூஜினால் இவற்றினும் சாமர்த்தியசாலி. ஒரே வளையத்தில் அடுத்தடுத்து ஒரு பீனால் தொகுதி, ஒரு மீத்தாக்சி. பல் மருத்துவர் கிராம்பு எண்ணெயில் துத்தநாக ஆக்சைடுப் பொடியைக் குழைக்கும்போது, பீனால் ஆக்சிஜனும் மீத்தாக்சி ஆக்சிஜனும் சேர்ந்து இருபுறமும் துத்தநாகத்தைக் கவ்விக்கொள்கின்றன. சொத்தைப் பல்லில் வைத்த தற்காலிக அடைப்பு கெட்டிப்படுவது அந்தக் கவ்வலில்தான்.