குழி நிரப்பிய வைகை

கறுப்புப் பின்னணியில் நரம்பு நரம்பாக ஆறுகள் ஓடும் வரைபடங்களை நீங்களும் இணையத்தில் பார்த்திருப்பீர்கள். வடிநிலத்துக்கு ஒரு நிறம். சிற்றோடை மெலிசாக, பேராறு தடிமனாக. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், அவ்வளவு அழகு. வைகைக்கும் அப்படி ஒன்று செய்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கியூஜிஐஎஸ் மென்பொருளைத் திறந்து உட்கார்ந்தேன். சாயங்காலத்துக்குள் படம் வந்துவிட்டது. ஆனால் அதில் இருப்பது வைகைதானா என்கிற சந்தேகம் மட்டும் இன்னும் போகவில்லை. இந்தக் குறிப்பு அந்தச் சந்தேகத்தைப் பற்றியது.

முதலில் தரவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். இந்த மாதிரிப் படங்களுக்குப் பலரும் எடுத்துக்கொள்வது ஹைட்ரோரிவர்ஸ். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து, ரேடார் மூலம் நிலத்தின் உயரத்தை அளந்தது. அந்த உயரக் கணக்கிலிருந்து பிறந்தது ஹைட்ரோஷெட்ஸ்; அதன் ஆற்றுக் கோடுகள்தான் ஹைட்ரோரிவர்ஸ். நிலத்தைச் சுமார் 500 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் விழும் நீர் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எதை நோக்கிச் சரியும் என்று கணினி பார்க்கிறது. குறைந்தது 10 சதுர கிலோமீட்டர் நிலத்தின் நீர் ஓரிடத்தில் சேர்ந்தாலோ, சராசரி ஓட்டம் நொடிக்கு 0.1 கன மீட்டரை எட்டினாலோ அங்கே ஒரு கோடு முளைக்கும். இங்கே தண்ணீர் என்பது அளந்த தண்ணீர் இல்லை, மாதிரிக் கணக்கில் வந்த தண்ணீர்.

இன்னொரு பக்கம் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். இதில் தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கையால் கோடு இழுக்கிறார்கள். ஆற்றுக்குப் பெயர் இருக்கும், கால்வாயும் தனியாக இருக்கும். ஆனால் ஒரு கோடு அடுத்த கோட்டைத் தொடுகிறதா என்பது வரைந்தவரின் பொறுமையைப் பொறுத்தது.

ஆக, ஒன்றில் இணைப்பு உண்டு, பெயர் இல்லை. மற்றதில் பெயர் உண்டு, இணைப்புக்கு உத்தரவாதம் இல்லை. அப்போ இரண்டையும் சேர்த்தால் முழு ஆறு கிடைத்துவிடும்னுதானே தோணும்? எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மெர்ஜ் என்ற கட்டளையைக் கொடுத்தால் இரண்டு அடுக்கும் ஒரே கோப்புக்குள் வரும். அவ்வளவுதான். அது சேர்ப்பது இல்லை, ஒரே பையில் போடுவது. திரையில் இரண்டு வைகை பக்கத்துப் பக்கத்தில் ஓடும். இரண்டையும் ஒட்டவைக்க ஸ்னாப் கருவி வேண்டும். அதற்கு எத்தனை மீட்டர் தூரத்துக்குள் இழுக்கலாம் என்று சொல்ல வேண்டும். தரவோ பாகையில் இருக்கிறது, எனவே முதலில் அதை மீட்டருக்கு மாற்ற வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை. 43, 44 ஆகிய யுடிஎம் மண்டலங்களைப் பிரிக்கும் 78 பாகைத் தீர்க்கரேகை மதுரைக்குச் சற்று மேற்கே போகிறது. வைகை பிறக்கும் வருசநாட்டு மலை ஒரு மண்டலத்தில், மதுரை இன்னொன்றில். நான் எல்லாவற்றையும் 44இல் வைத்தேன். மேற்கு ஓரத்தில் கிலோமீட்டருக்கு ஓரிரண்டு மீட்டர் பிசகும், இந்த வேலைக்குப் பரவாயில்லை.

பரவாயில்லை என்று விட முடியாதது ஒட்டும் தூரம். கட்டத்திலிருந்து வந்த கோடு, உண்மையான ஆற்றிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளிப் போகக்கூடியது. எனவே தூரத்தைத் தாராளமாக வைக்க வேண்டியிருக்கிறது. தாராளமாக வைத்தால், பேரணையில் ஆற்றை விட்டுப் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாயின் தலைப்பகுதியும் ஆற்றோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் கையால் சரிசெய்துவிடலாம். அதற்கு அப்புறம் இருப்பதுதான் என் உண்மையான புகார்.

ஹைட்ரோரிவர்ஸில் ஒவ்வொரு துண்டுக்கும் ‘நெக்ஸ்ட் டவுன்’ என்று ஒரு நெடுவரிசை உண்டு. அடுத்து எந்தத் துண்டில் போய்ச் சேர்கிறது என்பதற்கு ஒரே ஒரு எண். சேர்வதை மட்டுமே இது அறியும், பிரிவதை அறியாது. பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, வந்து சேர்வது துணையாறு, பிரிந்து போவது கிளையாறு என்று. இந்தத் தரவின் உலகத்தில் துணையாறு மட்டும்தான். பேரணையில் தண்ணீர் ஆற்றுக்கும் கால்வாய்க்குமாகப் பிரிகிறதே, அதை எழுத இங்கே இடமே கிடையாது.

இரண்டாவது, மலை. பெரியாறு இயல்பில் மேற்கே போய் அரபிக்கடலில் சேர்வது. பென்னிகுவிக் கட்டிய அணை 1895இல் திறக்கப்பட்டதிலிருந்து அதன் நீரில் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வருகிறது. லோயர் கேம்பில் மின்சாரம் எடுத்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையோடு சேர்கிறது. 100 ஆண்டுக்கு மேல் ஒரு வட்டாரமே குடித்தும் விதைத்தும் வாழும் நீர் இது. உயரக் கணக்குக்கோ அங்கே தெரிவது மலைமுகடு மட்டுமே. அதனால் என் படத்தில் பெரியாறு ஒரு நிறம், வைகை ஒரு நிறம். நடுவில் கறுப்பு.

மூன்றாவதுதான் என்னை ரொம்பத் தொந்தரவு செய்தது. நீர் எங்கே சரியும் என்று கணக்கிடும் முன் ஒரு சடங்கு உண்டு: குழி நிரப்புதல். பள்ளத்தில் விழுந்த நீர் வெளியே வர வழியில்லாமல் நின்றுவிட்டால் கோடு அறுந்துவிடும். எனவே சின்னப் பள்ளங்களை அளவீட்டுப் பிழையாகக் கொண்டு கணினி நிரப்பிவிடுகிறது. பெரிய இயற்கைப் பள்ளங்கள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. கண்மாய்களுக்குப் பெரும்பாலும் அந்த விலக்கு கிடையாது.

கண்மாய் என்றால் என்ன? தண்ணீர் ஓடிவிடாமல் நிற்கட்டும் என்று கரை போட்டு மனிதர்கள் உண்டாக்கிய பள்ளம். வரத்துக்காலில் வந்து, நிறைந்து, மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும் நீர். வைகையின் கீழ்ப்பகுதி முழுக்க இப்படித்தான் கோத்திருக்கிறது. ஆறே கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் விழுகிறது, உபரிதான் கடலுக்கு. ஊருக்கு எது உயிரோ அது கணக்குக்குப் பிழை. நிரப்பிவிட்டு, கடல்வரை ஒரு கோடு இழுத்தாகிவிட்டது. துணையாறு சேரச்சேரத் தடிமன் கூட்டும் விதிப்படி, அந்தக் கோடு கடல் பக்கம்தான் ரொம்பத் தடிமன்! மதுரைக்குக் கிழக்கே வைகையை மணலாகப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும்.

ஹைட்ரோஷெட்ஸைக் குறை சொல்வது நியாயமில்லை. உலகம் முழுவதையும் ஒரே சட்டகத்தில் பார்க்கச் செய்த வேலை அது, ஆறு பிரிவதைத் தன்னால் காட்ட முடியாதென்று அதன் விளக்கக் குறிப்பே சொல்கிறது. குறிப்பைப் படிக்காமல் நிறம் பூசுகிற நம்மைத்தான் சொல்ல வேண்டும். சுவரில் மாட்டும் வரை தோஷமில்லை. அதே கோடுகளை ஒரு வெள்ள அறிக்கையிலோ மனைப்பிரிவுத் திட்டத்திலோ வைத்து ‘இந்த இடத்தில் நீர்வழி எதுவும் இல்லை’ என்று ஒருவர் சொன்னால்? வரைபடத்தில் இல்லாத வரத்துக்கால் மூடப்படும்போது, அது அங்கே இருந்தது என்று நிரூபிக்கும் பாரம் கடைமடைக்காரர் தலையில் விழும்.

நான் கடைசியில் செய்தது இதுதான். இரண்டு அடுக்குகளையும் கரைத்து ஒன்றாக்கவில்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி என்று இரண்டு எண் கொடுத்தேன். அப்படிச் செய்தால் ஒரு புள்ளியிலிருந்து எத்தனை கோடு வேண்டுமானாலும் பிரியலாம். கூடவே இரண்டு நெடுவரிசைகள்: எங்கிருந்து வந்த கோடு, என்ன வகை (ஆறு, கால்வாய், சுரங்கம், வரத்துக்கால், மறுகால்). கண்மாய்களைக் கோடாக்காமல் பரப்பாகவே விட்டேன். சுரங்கத்துக்கு மட்டும் கையால் ஒரு கோடு இழுத்தேன். மலைமுகட்டை வெட்டிக்கொண்டு போகிற, எந்தச் சாய்வுக் கணக்குக்கும் கட்டுப்படாத ஒரு சின்னக் கோடு.

இப்போது படம் அவ்வளவு அழகாக இல்லை. நரம்பு மாதிரித் தெரியவில்லை, தெற்கே எல்லாம் சிக்குப்பிடித்த நூல்கண்டு மாதிரி இருக்கிறது. வரத்துக்கால்கள் பாதிகூட முடியவில்லை, அதற்குக் கிராமம் கிராமமாகப் போய்க் கேட்டால்தான் உண்டு. ஆனாலும் வைகைன்னு சொல்லி இதைத்தான் காட்டுவேன்.