பிட் கூடினால் துல்லியம் கூடுமா?

கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் சமர்ப்பிக்கும் செயல்திட்ட அறிக்கைகளில் 'மேம்படுத்தப்பட்ட தரவு சேகரிப்பு அமைப்பு' என்ற தலைப்பு அடிக்கடி தென்படுகிறது. வெப்பநிலை, எடை, அழுத்தம், ஒளிச்செறிவு என்று ஏதேனும் ஒன்றை அளப்பது, அதைக் கணிப்பொறியில் பதிவு செய்வது, அந்தப் பதிவைக் கொண்டு ஒரு சூடேற்றியையோ மோட்டாரையோ கட்டுப்படுத்துவது ஆகியவையே இவற்றின் நோக்கம். நல்ல முயற்சிகள்தாம். ஆனால், 'எதை மேம்படுத்தினீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: '10 பிட் மாற்றியை எடுத்துவிட்டு 16 பிட் மாற்றியைப் பொருத்தினோம்.'

இந்த விடை போதாது என்பதே என் கருத்து. மாணவர்கள் மீது குறை சொல்வது என் நோக்கமன்று. கருவிகளின் விலைப்பட்டியல்களில் கொட்டை எழுத்தில் அச்சாவது பிட் எண்ணிக்கைதான். பிட் கூடக்கூட விலையும் கூடுகிறது. விலை கூடிய பொருள் நன்றாகத்தானே இருக்கும் என்று நினைப்பது இயல்பு.

முதலில் பிட் என்பது என்ன என்று பார்ப்போம். உணர்வி தரும் மின்னழுத்தம் தொடர்ச்சியாக மாறுவது. கணிப்பொறிக்கோ எண்கள்தாம் வேண்டும். இரண்டுக்கும் இடையே நின்று மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றித் தருவதை இலக்கமாற்றி என்போம். 10 பிட் மாற்றி தன் அளவெல்லையை 1024 படிகளாகப் பிரிக்கிறது. 16 பிட் மாற்றி 65,536 படிகளாகப் பிரிக்கிறது. நம் மாணவர்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ பலகையில் இருப்பது 10 பிட் மாற்றி. 5 வோல்ட் எல்லையை 1024 ஆல் வகுத்தால் ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். எல்.எம்.35 என்னும் வெப்ப உணர்வி ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தருவது. ஆகவே ஒரு படி என்பது சுமார் அரை டிகிரி. 16 பிட் மாற்றியில் படி இன்னும் சிறிதாகி, திரையில் 37.46, 37.48 என்று எண்கள் ஓடும். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும்.

ஓர் அடிக்கோலில் மில்லிமீட்டருக்குப் பத்துக் கோடுகள் போட்டுவிட்டால் அது நல்ல அடிக்கோல் ஆகிவிடுமா? அந்த அடிக்கோல் வெயிலில் நீண்டுவிட்டதென்றால் கோடுகளை எண்ணி என்ன பயன்? இலக்கமாற்றிக்கும் ஓர் அடிக்கோல் உண்டு. அதுதான் குறிப்பு மின்னழுத்தம். ஊனோ பலகையில் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், பலகைக்கு வரும் மின்சாரமே குறிப்பு மின்னழுத்தமாகிவிடும். கணிப்பொறியின் யு.எஸ்.பி. துளையிலிருந்து அது வருகிறது. பெயரளவில் 5 வோல்ட், உண்மையில் 4.75 வோல்ட் இருந்தாலும் விதிமுறைக்கு உட்பட்டதே. நிரலிலோ 5 என்று எழுதியிருக்கிறோம். 60 டிகிரியில் உள்ள வெந்நீர்த் தொட்டியை அளந்தால் திரையில் 63.2 என்று வரும். பிட்டுகளைப் பெருக்கினால் இந்த மூன்று டிகிரிப் பிழை குறையுமா? ஒரு துளியும் குறையாது. ஊனோவின் நுண்செயலிக்குள்ளேயே 1.1 வோல்ட் உள்ளமைந்த குறிப்பு மின்னழுத்தம் ஒன்று இருக்கிறது. அதன் சரியான மதிப்பை நல்ல மல்டிமீட்டரால் ஒருமுறை அளந்து நிரலில் எழுதிவிட்டால், அதே 10 பிட்டுடன், ஒரு காசும் செலவில்லாமல் பிழையின் பெரும்பகுதி நீங்கிவிடும். 100 டிகிரிக்கு எல்.எம்.35 தருவது 1 வோல்ட்தான், அது 1.1 வோல்ட் எல்லைக்குள் அடங்கும். படியும் 1.1 மில்லிவோல்ட்டாகச் சுருங்கிவிடும். இதைச் செய்தவர்களின் அறிக்கையைத்தான் 'மேம்படுத்தப்பட்டது' என்று நான் ஒப்புக்கொள்வேன்.

இதைவிட நுட்பமான தொல்லை ஒன்று உண்டு. அது கம்பியில் ஒளிந்திருக்கிறது.

கோழிமுட்டை அடைகாப்புப் பெட்டி மாணவர்கள் விரும்பிச் செய்யும் திட்டம். பெட்டியின் வெப்பநிலையை 37.5 டிகிரியில் நிறுத்த வேண்டும். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுக்கும் சிறு சூடேற்றி ஒன்று, எல்.எம்.35 ஒன்று, ஒரு பலகை, ஒரு ரிலே. சூடேற்றியின் எதிர்முனையையும் உணர்வியின் எதிர்முனையையும் பெட்டிக்குள் ஒரே இடத்தில் சேர்த்து, அங்கிருந்து ஒரே கம்பியை மின்வழங்கி வரை இழுத்து, பலகையின் எதிர்முனையையும் அங்கே இணைத்துவிடுவார்கள். படத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே புள்ளிதான். ஆனால் படத்தில் வரைந்த கோட்டுக்கு மின்தடை கிடையாது, கம்பிக்கு உண்டு. மெல்லிய இணைப்புக் கம்பி 30 செ.மீ. நீளம் இருந்தால் அதன் மின்தடை சுமார் 0.025 ஓம். மிகச் சிறியதுதான். அதன் வழியே 2 ஆம்பியர் பாயும்போது ஓம் விதிப்படி 50 மில்லிவோல்ட் உண்டாகிறது. உணர்வியின் எதிர்முனை பலகையின் எதிர்முனையைவிட 50 மில்லிவோல்ட் உயர்ந்துவிடுகிறது. எல்.எம்.35 கணக்கில் 50 மில்லிவோல்ட் என்றால் 5 டிகிரி!

இப்போது என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பெட்டி உண்மையில் 35 டிகிரியில் இருக்கிறது. சூடேற்றி அணைந்திருக்கும்போது பலகை 35 என்று படிக்கிறது. போதவில்லை என்று சூடேற்றியை இயக்குகிறது. இயக்கிய மறுகணமே 40 என்று படிக்கிறது. அதிகமாகிவிட்டது என்று அணைக்கிறது. உடனே மறுபடியும் 35. ரிலே டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். 32.5 டிகிரியைத் தாண்டியதுமே இந்த ஆட்டம் தொடங்கிவிடும். சூடேற்றி ஏறக்குறைய பாதித் திறனில்தான் வேலை செய்யும். குளிர்ந்த இரவில் பெட்டி 37.5 டிகிரியை எட்டாமலே போகலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், எண்கள் ஆடுகின்றனவே என்று நிரலில் சராசரி எடுக்கும் வரி ஒன்றைச் சேர்த்தால் 35-க்கும் 40-க்கும் சராசரி மிகச் சரியாக 37.5 என்று வந்து நிற்கும். வரைபடம் நேர்கோடாக இருக்கும். முட்டைகள் மட்டும் பொரியா.

இந்தப் பெட்டியில் 16 பிட் மாற்றியைப் பொருத்தினால்? ஏ.டி.எஸ்.1115 என்னும் சில்லு இப்போது மலிவாகக் கிடைக்கிறது. 4.096 வோல்ட் எல்லையில் அதன் ஒரு படி 0.125 மில்லிவோல்ட். இல்லாத அந்த 5 டிகிரியை 400 படிகளாகப் பிரித்து மிக நுணுக்கமாகக் காட்டும். அவ்வளவுதான்.

என் மனக்குறை முக்கியமாக இங்கேதான். இதே சில்லுக்குள் வழங்கு மின்சாரத்தைச் சாராத குறிப்பு மின்னழுத்தம் அமைந்திருக்கிறது. இரண்டு முனைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை மட்டும் அளக்கும் உள்ளீடும் இருக்கிறது. உணர்வியின் வெளியீட்டிலிருந்து ஒரு கம்பி, உணர்வியின் எதிர்முனையிலிருந்தே தனியாக இன்னொரு கம்பி, இரண்டையும் முறுக்கிக் கொண்டுவந்து இந்த வேறுபாட்டு உள்ளீட்டில் இணைத்தால், அந்த 50 மில்லிவோல்ட் இரண்டு கம்பிகளிலும் ஒன்றாகவே ஏறி, கழித்தலில் மறைந்துவிடும். முட்டைகளைக் காப்பாற்றப் போவது இந்த ஏற்பாடுதான். ஆனால் நான் படித்த அறிக்கைகளில் 16 என்ற எண் பத்து இடங்களில் வருகிறது. வேறுபாட்டு உள்ளீடு என்ற சொல் தேடினாலும் கிடைப்பதில்லை. இரண்டாவது முனையைப் பலகையின் எதிர்முனையில் செருகிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வீட்டில் கிணறு வெட்டிவிட்டுத் தெருக்குழாயில் வரிசையில் நிற்பது போன்றதுதான் இது.

அடுத்தது, மாதிரி எடுக்கும் வேகம். நம்மைச் சுற்றியுள்ள மின்கம்பிகளிலிருந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் நீண்ட உணர்விக் கம்பிகளில் ஏறுவது எல்லோரும் அறிந்ததே. வினாடிக்குச் சரியாக 10 முறை அளவு எடுக்கிறோம் என்று கொள்வோம். மின்தொகுப்பின் அதிர்வெண் எப்போதும் துல்லியமாக 50 அன்று. சற்றே ஏறி இறங்கும். அது 50.02 ஹெர்ட்ஸாக இருக்கும் நேரத்தில், ஒவ்வொரு முறை நாம் அளக்கும்போதும் அலை ஐந்து சுற்றுகளுக்குச் சற்றுக் கூடுதலாக நகர்ந்திருக்கும். விளைவாக, 50 வினாடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கும் போலி அலை ஒன்று வரைபடத்தில் தோன்றும். வெப்பநிலைதான் மெதுவாக ஊசலாடுகிறது என்று எவரும் நம்பிவிடுவர். கட்டுப்படுத்தும் கருவியும் நம்பி, இல்லாத ஊசலாட்டத்தை அடக்கப் பாடுபடும். ஒருமுறை எண்ணாக மாறிவிட்டபின் இந்தப் போலியை உண்மையிலிருந்து பிரிக்க எந்த நிரலாலும் இயலாது. மாற்றிக்கு முன்பாகவே தடுக்க வேண்டும். 10 கிலோ ஓம் மின்தடை ஒன்று, 10 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்று. 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் முப்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வெப்பநிலை போன்ற மெதுவான அளவுகளுக்கு இதனால் இழப்பு ஒன்றுமில்லை. இலக்க மல்டிமீட்டர்களில் வேறு வழியும் உண்டு: 50 ஹெர்ட்ஸின் முழுச் சுற்றுகள் சில முடியும்வரை உள்ளீட்டைக் கூட்டிக்கொண்டே போனால், மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றையொன்று அழித்துவிடும். அக்கருவிகள் வினாடிக்குச் சில முறையே அளப்பதற்கு இது ஒரு காரணம்.

இவையெல்லாம் கல்லூரிக் கூடங்களின் சிறு தொல்லைகள் என்று எண்ண வேண்டாம். 2011 செப்டம்பரில், ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் உள்ள கூடத்துக்கு அனுப்பிய நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோவினாடி முந்தி வந்ததாக ஓபரா என்னும் ஆய்வுக்குழு அறிவித்தது. தொலைவு 730 கிலோமீட்டர். ஐன்ஸ்டைன் தோற்றுவிட்டாரா என்று உலகெங்கும் பேச்சு. சில மாதங்களுக்குப் பின் காரணம் வெளிப்பட்டது. வெளியே பெறப்படும் ஜி.பி.எஸ். நேரக் குறிகையை மலைக்கடியில் உள்ள கூடத்துக்குக் கொண்டுசெல்லும் ஒளியிழைக் கம்பியின் இணைப்பான் முழுதாகச் செருகப்படவில்லை. ஒளி மங்கலாக விழுந்தது. அதைப் பெறும் டையோடு தன் வரம்பை எட்டத் தாமதமாயிற்று. கூடத்துக் கடிகாரம் அந்த அளவு பின்தங்கியது. கடிகாரம் பின்தங்கினால் நியூட்ரினோ முன்னதாக வந்ததாகத்தானே பதிவாகும்? மூலக் கடிகாரத்தின் வேகத்தில் எதிர்த்திசையில் இன்னொரு சிறு பிழையும் இருந்தது. இரண்டையும் திருத்தியபின் 2012-இல் நியூட்ரினோவின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒத்துவந்தது. அங்கே பயன்பட்ட மின்னணுக் கருவிகள் நானோவினாடியைப் பிரித்தறியக் கூடியவை. அவற்றில் குறையில்லை. குறை ஓர் இணைப்பானில் இருந்தது. தம் முடிவை உலகின் முன் வைத்து, பிழையைத் தேடச் சொல்லி, தாமே கண்டுபிடித்து அறிவித்த அந்த விஞ்ஞானிகளின் நேர்மையையும் இங்கே சொல்ல வேண்டும்.

பிட்டுகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடை அளக்கும் சுமையுணர்வி முழுச்சுமையில் தருவது சில மில்லிவோல்ட்தான், அங்கே எச்.எக்ஸ்.711 போன்ற 24 பிட் மாற்றி தேவைதான். அதன் கடைசிப் பல பிட்டுகள் இரைச்சலில் மூழ்கிவிடும் என்பது வேறு. ஆனால் அந்தச் சில்லு நன்றாக வேலை செய்வதற்கு 24 என்ற எண் மட்டும் காரணமன்று. சுமையுணர்வியின் சமனச்சுற்றுக்கு ஊட்டும் அதே மின்னழுத்தத்தையே அது குறிப்பு மின்னழுத்தமாகவும் கொள்கிறது. ஊட்டு மின்சாரம் ஏறினால் உணர்வியின் வெளியீடும் ஏறும், அடிக்கோலும் நீளும், விகிதம் மாறாது. அத்துடன், வினாடிக்கு 10 முறை அளக்கும் நிலையில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் அது அடக்கிவிடுகிறது.

புதுதில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையம் மாணவர்களுக்கென உருவாக்கிய எக்ஸ்ப்-ஐஸ் கருவியையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். அதன் இப்போதைய வடிவத்தில் இருப்பது 12 பிட் மாற்றிதான். விலைப்பட்டியல் கணக்கில் இது பழைய சரக்கு! ஆயினும், அளக்கும் மின்னழுத்தத்துக்கு ஏற்ப எல்லையைச் சுருக்கிக்கொள்ளும் வசதியும், 16 வோல்ட் வரை தாங்கும் உள்ளீடுகளும், எவரும் பார்த்துப் படிக்கும்படி வெளியிடப்பட்ட சுற்றுப்படமும் அதில் உள்ளன. வகுப்பறைக்கு இவை நான்கு பிட்டுகளைவிட மேலானவை. கருவியின் எதிர்முனை கணிப்பொறியின் எதிர்முனையோடு நேரடியாக இணைந்திருப்பது மட்டும் எனக்கு நெருடலாக உள்ளது. மாணவர் செய்யும் தவறு கணிப்பொறி வரை போகாமல் தடுக்க மின்தனிமைப்படுத்தும் சில்லு ஒன்றைச் சேர்த்தால் விலை சற்றுக் கூடும். ஆனாலும் அது தகும் என்றே நினைக்கிறேன்.

இனி, உங்கள் அமைப்பை நீங்கள் மேம்படுத்தியிருக்கிறீர்களா என்று அறிய மூன்று சோதனைகள் போதும். உணர்வியைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்திலேயே, கம்பியின் கடைசி முனையில், ஒன்றரை வோல்ட் பசைமின்கலம் ஒன்றை இணையுங்கள். உள்ளீட்டு எல்லை சிறியதானால் இரண்டு மின்தடைகளால் மின்னழுத்தத்தைப் பிரித்துக் கொடுங்கள். ஆயிரம் அளவுகள் எடுத்து, எந்த எண் எத்தனை முறை வந்தது என்று அட்டவணையிடுங்கள். எண்கள் எவ்வளவு பரவியுள்ளனவோ அதுதான் உங்கள் கருவியின் உண்மையான படி, 65,536 அன்று. பிறகு சூடேற்றியை இயக்கி மறுபடியும் ஆயிரம் எடுங்கள். மின்கலம் மாறவில்லை, ஆகவே சராசரி நகர்ந்தால் கம்பியைப் பாருங்கள். மூன்றாவதாக, மடிக்கணினியின் மின்னூட்டியைச் செருகியும் பிடுங்கியும் ஒருமுறை எடுங்கள். இந்த மூன்று அட்டவணைகளையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.