அறியாக் கணமும் அமைத்த கணமும்

சாதாரண மனிதரை அவர் அறியாத வேளையிற் கண்டு உள்ளவாறே தீட்டியது என்பது, அன்றாட வாழ்க்கை ஓவியங்களுக்கு எளிதில் வழங்கப்படும் பாராட்டாகும். எட்கார் டெகா 1875–76இல் வரைந்த 'கோப்பிச்சாலையில்' என்னும் ஓவியத்தை ஊன்றி நோக்குமிடத்து, இப்பாராட்டு எத்துணை மேலோட்டமானது என்பது புலனாகும்.

இன்று பாரிஸ் நகரின் ஒர்சே நூதனசாலையிலுள்ள அவ்வோவியத்தில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் அருகருகே அமர்ந்திருக்கின்றனர், ஒருவரையொருவர் நோக்கினாரல்லர். அவள் முன்னே அப்சாந்த் மதுக்கிண்ணம். தோள்கள் சரிந்துள்ளன, கண்கள் எதனையும் பற்றவில்லை. இருவரும் வலப்புறத்துக்கு ஒதுக்கப்பட, ஆணின் கையும் புகைக்குழாயும் விளிம்பில் வெட்டுண்டு போகின்றன. முன்னிடத்தை வெறும் மேசைகளே நிரப்புகின்றன. அம்மேசைகளுக்குக் கால்களில்லை, பார்ப்போர் பலர் அதனைக் கவனிப்பதுமில்லை. பக்கத்து இருக்கையிலிருந்து தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாற் போன்ற உணர்வு அவர்களை அவ்வளவு விரைவில் ஆட்கொண்டுவிடுகின்றது.

ஆயின் அங்குத் தற்செயலானது எதுவுமில்லை. அப்பெண் எலென் ஆந்திரே என்னும் நடிகை; ஆண் மார்செலான் டெபுட்டான் என்னும் ஓவியர். இருவரும் டெகாவுக்காக அவ்வாறு அமர்ந்தவர்கள். படம் தீட்டப்பட்டதோ ஓவியக்கூடத்தில்.

1893இல் இலண்டனில் இது காட்சிக்கு வைக்கப்பட்டபோது பெரும் சர்ச்சை மூண்டது. எதிர்த்தோர் ஒழுக்கக்கேடு என்றனர். ஆதரித்து எழுதிய ஜோர்ஜ் மூர்கூட அப்பெண்ணை இழிசொல்லாற் சுட்டி, ஓவியத்தில் ஒழுக்கப் பாடமொன்றைக் கண்டார். பின்னரே அதற்கு வருந்தினார். நடித்தவளின் மீது பாத்திரத்தின் பழி விழுந்தது. இது விமர்சகரின் பேதைமை மட்டுமன்று. தன் புனைவை முற்றாக மறைத்துக்கொள்ளும் கலை, தனக்காக அமர்ந்தவரை ஊர்வாய்க்கு ஒப்படைத்துவிடுகின்றது. டெகாவின் மேதைமையில் ஐயமில்லை. அதன் விலையைச் செலுத்தியவர் அவரல்லர்.

ஒனொரே டோமியே 1860களிற் தீட்டிய 'மூன்றாம் வகுப்புப் பெட்டி' இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. மடியிற் கூடையை வைத்திருக்கும் கிழவி, பாலூட்டும் தாய், உறங்கும் சிறுவன். பின்னே தொப்பியணிந்த கனவான்களின் முதுகுகள். டோமியே பெரும்பாலும் நினைவிலிருந்தே தீட்டியவர். அக்கிழவி யார் என எவரும் வினவியதில்லை. பயணக் களைப்போ எவரும் அறிந்தது. நியூயோர்க்கிலுள்ள பிரதி முற்றுப்பெறாதது. உருவங்களை அளந்து பெயர்ப்பதற்காக அவர் இட்ட கட்டக்கோடுகள், கிழவியின் உடைக்கூடாக இன்றும் தெரிகின்றன.