இரு கரையிலும் ஒரே காமன்

மாசி வளர்பிறை வந்துவிட்டால் எனக்குத் தூக்கமே பிடிக்காது. இலங்கையில் ரம்புக்கனைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். பால்வெட்டி வந்த கையோடு மாமாமார் தப்பைத் தீயில் காட்டி முறுக்கேற்றுவார்கள். முதல் அடி லயத்துச் சுவரில் மோதும்போதே உடம்பு சிலிர்த்துவிடும். அப்புறம் காமன் கூத்து: காமன் கம்பம், ரதி, மதன், நெற்றிக்கண் திறக்கும் சிவன், எரிந்துபோகும் மதன், ரதியின் ஒப்பாரி! எத்தனை முறை கேட்டாலும் அந்த ஒப்பாரிக்கு அழாமல் நான் வீடு திரும்பியதில்லை.

இந்த மாசியில் அதே கூத்தை நீலகிரியின் கோத்தகிரியில் பார்த்தேன். அடடா, அதை எப்படிச் சொல்வேன்!

1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்தது. மலையிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிய கோச்சிகள் எங்கள் ரம்புக்கனை ஸ்டேசனைத் தாண்டித்தான் போயின. பிரிந்தவர்கள் கதறிய கதறலில் அவற்றுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் விழுந்தது. அதில் ஏறிப் போன என் அத்தை, நீலகிரியில் கொழுந்து பறித்தே பிள்ளைகளை ஆளாக்கினார். வாசலில் என்னைக் கண்டதும் அவர் கேட்டது: “வாய்யா மருமகனே, மேட்டுப்பாளையம் வரைக்கும் கோச்சியிலயா வந்த?”

கோச்சி! சுற்றிலும் எல்லோரும் ரயில் என்கிறார்கள். அத்தைக்கு ஐம்பது வருடமாகியும் கோச்சிதான்.

அன்று ராத்திரி தப்பு முழங்கியதும் கண்ணை மூடினேன், ரம்புக்கனையில் இருந்தேன். இலங்கையையே பார்த்திராத பையன் ஒருவன் பாட, அடுத்த அடியை நான் எடுத்துக் கொடுத்தேன். கூட்டம் ஆர்ப்பரித்தது! தஞ்சாவூர்ப் பக்கம் காமன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் லாவணியில் மோதும். அந்தக் காமனும் இவனேதான்.

இப்படி இரு கரைக்கும் பொதுவான கலை வேறிடத்திலும் உண்டு. ஸ்பானிஷ் பேசும் அர்ஜென்டினாவும் உருகுவேயும் தனித்தனி நாடுகள். இடையில் ரியோ டி லா பிளாட்டா முகத்துவாரம். ஆனால் டாங்கோ நடனம் இரு கரைக்கும் சொந்தம் என்று, 2009இல் இரண்டும் சேர்ந்தே அதை யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றின. நம் காமனுக்கும் அப்படி ஒரு நாள் வரவேண்டும். ரம்புக்கனையும் கோத்தகிரியும் தஞ்சாவூரும் ஒரே களத்தில் ஆடவேண்டும்.

ரதி ஒப்பாரி வைத்தபோது அத்தை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். “அன்னைக்குக் கோச்சியில கேட்ட அதே அழுகையப்பா.” மதனை எழுப்பியபோதோ, அந்தப் பிடியை விட்டுவிட்டு, கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் குலவையிட்டுக் கைதட்டினார்.