அறுபதுக்குப் பிறகு எந்த மட்டை?

தஞ்சாவூர் அரச குடும்பத்தார் 1856 வாக்கிலேயே பூப்பந்து ஆடினார்கள் என்பது, இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்லும் செய்தி. இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்து, கும்பெனியார் ராஜ்ஜியத்தை எடுத்துக்கொண்ட கையோடு வந்த வருஷம் அது. ஆளுவதற்கு ஊர் இல்லாத அரண்மனையில் ஆடுவதற்கு நேரம் நிறையவே இருந்திருக்கும். அரண்மனையில் தொடங்கிய ஆட்டம் காலப்போக்கில் பள்ளிக்கூட மைதானத்துக்கும் ஊர்த் திடலுக்கும் பரவியதற்குக் காரணம் எளிமை. மஞ்சள் கம்பளிப் பந்து ஒன்று, வலை ஒன்று, பக்கத்துக்கு ஐந்து பேர், கையில் மட்டை. ஷட்டிலைப் போல இறகு இல்லாததால் டெல்டாவின் ஆடிக்காற்றிலும் பந்து ஓரளவு சொன்ன பேச்சைக் கேட்கும். இந்தியப் பூப்பந்துக் கூட்டமைப்பு 1954-இல் உருவானபோது, இது ஏற்கெனவே கிராமத்து ஆட்டமாகியிருந்தது.

அந்தக் கிராமத்துப் பையன்களில் பலருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கியில் இருந்தவர்கள், நாலு மா நிலத்தை இன்னும் விடாமல் பார்ப்பவர்கள் எனக் காலை வெயில் ஏறுவதற்குள் ஆடி முடிப்பவர்களைத்தான் சொல்கிறேன். இவர்களிடம் புது மட்டை வாங்கும் பேச்சு வந்தால் ஒரே ஆலோசனைதான் நாலு பக்கமும் கிடைக்கும்: "வயசாச்சு சார், லேசானதா எடுங்க." கடைக்காரர் சொல்வார், மகன் சொல்வான், கூட ஆடுகிறவரும் சொல்வார். இந்த ஆலோசனை எந்த அளவுக்குச் சரி, எங்கே தப்பு என்று யாரும் நின்று பார்ப்பதாகத் தெரியவில்லை.

இதே ஆலோசனை உலக அளவில் பெரிய வியாபாரமாக நடப்பது கோல்ஃபில். முதல் அடிக்கு எடுக்கும் நீண்ட மட்டையை டிரைவர் என்பார்கள். வயதானவர்களுக்கென்று தண்டு லேசாக, சற்று வளையும்படி, முகப்பு அதிகம் சாய்ந்ததாக டிரைவர்கள் தனியாகவே விற்பனைக்கு வருகின்றன. அங்கே அதற்கு நியாயம் உண்டு. வயது ஏற ஏற வீச்சின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் பந்து காற்றில் நிற்பதில்லை. முகப்பைச் சாய்த்தால் அது எழும்பிப் போகும், தண்டை லேசாக்கினால் போன வேகத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். விதிகளும் தாராளம். மட்டையின் தலை 460 கன சென்டிமீட்டர் வரை இருக்கலாம், நீளம் 48 அங்குலம் வரை போகலாம். அந்த எல்லைக்குள் பல விதமாகப் பிரித்துக் கோத்துக்கொள்ளலாம். கோடைக்கானலில் 1895-இலேயே கோல்ஃப் சங்கம் வந்துவிட்டதால் தமிழ்நாட்டுக்கு அந்த ஆட்டம் புதிதல்ல. ஆனால் அதன் ஞானத்தை அப்படியே சமவெளிக்கு இறக்கினால் ஒரு சிக்கல் இருக்கிறது. கோல்ஃபில் பந்து சும்மா கிடக்கிறது. ஆடுகிறவர் நிதானமாக வந்து நின்று அதை அடிக்கிறார். பூப்பந்தில் பந்து நம்மை நோக்கி வருகிறது. லேசான மட்டை பற்றிய விவாதமே இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

விதிப்புத்தகக் கணக்கைப் பார்ப்போம். பூப்பந்தின் எடை 27 முதல் 30 கிராம். ஷட்டிலின் எடை ஐந்து கிராமை ஒட்டி, டென்னிஸ் பந்து 56 கிராமுக்குக் குறையாது. பூப்பந்து மட்டை 165 முதல் 185 கிராம் வரை இருக்கலாம். ஷட்டில் மட்டையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதாவது பந்து ஐந்தாறு மடங்கு கனத்துவிட்டது, மட்டை இரண்டு மடங்குதான் கனத்திருக்கிறது. பந்துக்கும் மட்டைக்கும் உள்ள இடைவெளி ஏற்கெனவே குறுகியதுதான். முறையான போட்டி என்றால் 165-க்குக் கீழே போகவும் முடியாது. ஆக "லேசானது", "கனமானது" என்று இவ்வளவு பேசுவதெல்லாம் வெறும் இருபது கிராமுக்குள் நடக்கிற சண்டை.

லேசான மட்டைக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியது நிறையவே இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தோள்பட்டைத் தசைநார் தேய்வது சாதாரணம். கையைத் தலைக்கு மேலே தூக்கி அடிக்கிற ஒவ்வோர் அடியும் அந்த நாரைத்தான் இழுக்கிறது. வாழ்நாளெல்லாம் மண்வெட்டி பிடித்த தோள் என்றால் கேட்கவே வேண்டாம். 35 புள்ளி ஆட்டம், மூன்றில் இரண்டு வெல்ல வேண்டும். மூன்றாவது ஆட்டம் வரை போனால் பத்து கிராம் குறைவு என்பது கைக்கு நன்றாகவே தெரியும். வலையருகே மணிக்கட்டைத் திருப்பிப் பந்தை வைக்கும் வேலைக்கும் லேசான மட்டை உதவும். வயதோடு உடம்பில் முதலில் குறைவது பலம் அல்ல, பலத்தைச் சட்டென்று வெளிக்காட்டும் வேகம். லேசான மட்டை அந்த வேகக் குறைவைக் கொஞ்சம் ஈடுசெய்கிறது என்பது உண்மை.

ஆனால் அது வீசி அடிக்கிறவருக்கு மட்டும் உண்மை. மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகத்துக்கு இரண்டு மூலங்கள் உண்டு. ஒன்று, நாம் மட்டையை வீசிய வேகம். இன்னொன்று, வந்த பந்து தன்னிடம் வைத்திருந்த வேகம், மட்டையில் பட்டுத் திரும்புவது. வீச்சு பலமாக இருக்கும் இளைஞனுக்கு முதலாவது போதும். வீச்சு குறைந்தவர் இரண்டாவதை நம்பித்தான் ஆட வேண்டும். வயதானவர்களின் ஆட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும்: எதிராளி ஓங்கி அடித்த பந்துக்கு இவர்கள் மட்டையைக் குறுக்கே காட்டி, திசையை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். அந்த வேலைக்கு மட்டையில் கனம் வேண்டும். லேசான மட்டை பந்து பட்டதும் பின்னுக்குப் போகும், நடுவில் படாவிட்டால் கையிலேயே திருகும். பந்து வலையில் விழுந்ததும் "கை தளர்ந்துபோச்சு" என்று இவர் நினைத்துக்கொண்டு, அடுத்த முறை இன்னும் லேசாக ஒன்று வாங்குகிறார். தளர்ந்தது கை இல்லை. பந்தைத் தாங்கக் கனம் இல்லாமல் போனது மட்டையில்தான்.

முழங்கை வலியும் இங்கே சேர்ந்துகொள்கிறது. லேசான கார்பன் சட்டம், முறுக்கிக் கட்டிய நைலான் நரம்பு, மெல்லிய பிடி மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் அதிர்வு எல்லாம் முன்கையின் வெளிப்பக்க நார் வரை வந்து சேரும். டென்னிஸ்காரர்கள் தங்கள் ஆட்டத்தின் பெயரிலேயே அழைக்கும் அந்த வலி பூப்பந்துக்காரர்களுக்கும் பஞ்சமில்லாமல் வருகிறது. பழைய மரச்சட்டம் கனம்தான், மழை ஈரத்தில் கோணிக்கொள்ளும், அதற்கென்று மரப்பலகையில் திருகு வைத்து இறுக்கிப் பத்திரப்படுத்த வேண்டும். ஆனால் அதிர்வைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் குணம் அதற்கு இருந்தது. அதற்காக மரத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை, கார்பன் இல்லாத காலத்தைப் புகழ்வதிலும் எனக்கு ஆர்வம் இல்லை. 1918-இல் பிறந்த ஜம்மலமடகா பிச்சையா, பூப்பந்துக்காக அர்ஜுனா விருது பெற்ற முதல் ஆள். 1970-இல் அதைப் பெற்றபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். வாரங்கல்லில் வாழ்ந்த அவர் நூறு வயதையும் கடந்து 2021-இல் மறைந்தார். அவர் ஆடிய காலத்து மட்டை மரம். அதனால் மரமே நல்லது என்று யாராவது வாதிட்டால், அந்த வாதத்தில் பிச்சையாவை மறந்துவிட்டு மட்டையை மட்டும் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

எடை என்ற எண்ணை விட அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே பெரிய விஷயம். மட்டையை ஆள்காட்டி விரலின் மேல் குறுக்கே வைத்து, இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். அந்தப் புள்ளி பிடியை ஒட்டி வந்தால் மட்டை கையில் லேசாகத் தெரியும், தலையை ஒட்டிப் போனால் கனமாகத் தெரியும், தராசு என்ன சொன்னாலும் சரி. கணக்கு இதுதான்: கையிலிருந்து 10 சென்டிமீட்டர் தூரத்தில் ஒட்டிய ஐந்து கிராமை விட, 60 சென்டிமீட்டர் தூரத்தில் ஒட்டிய அதே ஐந்து கிராம் வீச்சுக்கு 36 மடங்கு தடை கொடுக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அட்டையில் அச்சடித்த எடையைப் படித்து மட்டை வாங்குவதில் அர்த்தமில்லை. அந்த எடை பெரும்பாலும் நரம்பும் பிடித்துணியும் சேராத வெறும் சட்டத்தின் எடையாகவும் இருக்கும். மளிகைக் கடை மின்தராசில் ஒரு பெரியவர் தன் புது மட்டையை வைத்ததைப் பார்த்திருக்கிறேன். கைப்பிடியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, அதன் மேல் துணி நாடா சுற்றியிருந்தார். எண் ஏறிக்கொண்டே போனது, கடைக்காரர் "பருப்பு கட்டி வச்சிருக்கீங்களா" என்று சிரித்தார். பணம் அதிகம் கொடுத்துக் குறைத்த கிராம்களை இலவச ரப்பரால் திரும்ப ஏற்றியிருந்தார் என்பது வேடிக்கைதான். ஆனால் அவர் செய்தது முட்டாள்தனம் இல்லை. ஏறிய கனம் முழுதும் கைக்குள்ளேயே இருந்தது. மட்டை திரும்பும் வேகம் அதனால் பெரிதாகக் குறையவில்லை, பிடி தடித்ததால் விரல்கள் இறுக்கிப் பிடிக்க வேண்டியதும் குறைந்தது. மூட்டு வீக்கம் உள்ள விரல்களுக்கு அது பெரிய உபகாரம்.

நரம்பின் முறுக்கைப் பற்றி வயதானவர்கள் அநேகமாக யோசிப்பதே இல்லை. இளைஞர்கள் முறுக்கிக் கட்டச் சொல்வார்கள், அதையே இவர்களும் கேட்பார்கள். தளர்த்திக் கட்டினால் பந்து நரம்பில் ஒரு கணம் கூடுதலாக அமுங்கி, வீசாத வேகத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு கிளம்பும், கைக்கு வரும் அதிர்வும் குறையும். குறை என்னவென்றால் பந்து நினைத்த இடத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளி விழும். நாற்பது வருஷம் ஆடிய கைக்கு அதைச் சரிசெய்துகொள்ளத் தெரியும். புது மட்டையின் விலையோடு ஒப்பிட்டால் நரம்பு மாற்றிக் கட்டும் கூலி ஒன்றுமே இல்லை. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் கம்பளிப் பந்து ஈரம் குடித்துக் கனப்பதையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். பனி விழுந்த காலையில் வரும் பந்தும் வைகாசி வெயிலில் வரும் பந்தும் ஒன்றல்ல. ஈரப் பந்துக்கு 165 கிராம் மட்டையைக் காட்டுகிறவர் தோற்பதற்கு வயது காரணம் இல்லை.

மூக்குக் கண்ணாடியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். படிக்கவும் பார்க்கவும் சேர்த்துப் போட்ட இரட்டைக் கண்ணாடியோடு ஆடுகிறவர்களுக்கு, முழங்காலுக்குக் கீழே இறங்கும் பந்து படிக்கிற பகுதி வழியாகத் தெரியும், அதாவது மங்கலாகத் தெரியும். ஆடுவதற்கென்று தூரப் பார்வைக்கு மட்டும் ஒரு கண்ணாடி செய்துகொண்டால், மட்டையை மாற்றாமலேயே சிலருடைய சர்வீஸ் எடுப்பு தேறிவிடும். மட்டைக்குச் சில ஆயிரம் கொடுக்கத் தயங்காதவர்கள் இதற்கு மட்டும் ஏன் யோசிக்கிறார்கள் என்று புரியவில்லை.

கோல்ஃபுக்கு இல்லாத ஒரு வசதி பூப்பந்துக்கு உண்டு: இடம் மாறலாம். அங்கே ஆடுகிறவர் தனி ஆள், வயதை மட்டையால்தான் சமாளிக்க வேண்டும். இங்கே 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலத் தளத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், வழக்கமாக முன்னால் இருவர், நடுவில் ஒருவர், பின்னால் இருவர். முன்னால் நிற்பவருக்குப் பலம் வேண்டாம், ஆனால் யோசிக்க நேரம் கிடைக்காது. பின்னால் நிற்பவருக்குப் பந்தைப் பார்க்க நேரம் கிடைக்கும், ஆனால் வலையைத் தாண்டி அனுப்பத் தெம்பு வேண்டும். ஆகவே "வயதானவருக்கு எந்த மட்டை" என்ற கேள்வியே பாதிக் கேள்விதான். பின்வரிசை ஓரத்தில் நிற்கப் போகிறவருக்கு நான் 175 கிராமை ஒட்டிய மட்டை, தளர்ந்த நரம்பு, தடித்த பிடி என்று சொல்வேன். வலையருகே நிற்பவருக்கு லேசானதே சரி, கனம் பிடிப்பக்கம் இருந்தால் இன்னும் சரி. அங்கே கடைக்காரரின் பேச்சைக் கேட்கலாம்.

அறுபதைத் தாண்டிய ஐந்து பேர் சேர்ந்து அணி அமைத்து, தள்ளுபடிக்காக ஒரே மாடலில் ஐந்து மட்டை வாங்குவதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு. முன்னால் இருக்கும் இருவருக்குப் பொருந்துவது பின்னால் இருக்கும் இருவருக்கு நிச்சயமாகப் பொருந்தாது. நடுவில் நிற்பவருக்குத் தெம்பும் வேண்டும், நேரமும் கிடைக்காது. அந்த இடத்துக்கேற்ற எடையோ முறுக்கோ எனக்குத் தெரிந்து எந்தக் கடையிலும் இல்லை. அங்கே நிறுத்த ஐம்பதுக்கு உட்பட்ட ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டியதுதான்.