புதையல் விளையாட்டில் விடுபட்ட பிழை

ஜியோகேச்சிங் என்னும் புதையல் விளையாட்டு 2000 மே 3 அன்று அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பிறந்தது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அந்நாட்டு அரசு நீக்கியதற்கு மறுநாள்! ஒருவர் டப்பாவை ஒளித்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அறிவிப்பார், மற்றவர் தேடுவார். பலர் வெறுங்கையுடன் திரும்புகிறார்கள். ஏன்?

கலையில் (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) ஆயிரத்தில் ஒன்று வரை எண்ணைத் தருகிறார்கள். அட்சரேகையில் அது 1.85 மீட்டர். அதை நம்பி எங்கள் ஐயம்பேட்டையில் தறிச் சத்தம் கேட்கும் ஒரு தெருவில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். திறந்தவெளியிலேயே கைப்பேசி சுமார் 5 மீட்டர் தவறும். வீடுகள் நெருங்கிய தெருவில் சுவரில் பட்டுத் திரும்பும் அலைகளால் இன்னும் கூடும். ஒளித்தவர் கருவியிலும் 5 என்றால், வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க, மொத்தப் பிழை 7 மீட்டர். அந்த வட்டத்தின் பரப்பு 154 சதுர மீட்டர்!

செய்முறைத் தேர்வில் பிழை அளவைக் குறிக்காத விடைக்கு மதிப்பெண் குறைப்போம். இவ்விளையாட்டுக்கும் அதே தீர்ப்புத்தான். ஆனால் கிடைக்காததையும் பதிவு செய்கிறார்களே, அந்த வழக்கம் நம் ஆய்வுக்கூடங்களில்கூட அரிது. நால்வர் அடுத்தடுத்துத் தோற்றால் ஒளித்தவர் வந்து பார்க்கலாம். தோற்றவர் நீங்கள் மட்டும்தானா? வேறொரு வேளையில் போங்கள். செயற்கைக்கோள்களின் அமைப்பு மாறி, பிழை வேறு பக்கம் சாய்ந்திருக்கும்.