குறியெதிர்ப்பையும் கைம்மாறும்

அறுப்பின் பண்டிகை அருளுரைகளில் திருக்குறளையும் லூக்கா நற்செய்தியையும் அருகருகே நிறுத்தி, இரண்டும் ஒன்றையே கூறுகின்றன என்று முடித்துவிடும் வழக்கம் நம் பிரசங்க பீடங்களில் வேரூன்றியுள்ளது. நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே பேசிவந்தோம். மாணவரோடு அமர்ந்து இரு நூல்களையும் நிதானமாகப் பயில்கையில் அம்முடிவு தளர்கின்றது.

ஈகை அதிகாரத்தின் முதற்குறள் (221), வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை என்றும், ஏனைய கொடையெல்லாம் 'குறியெதிர்ப்பை' போன்றன என்றும் பிரிக்கின்றது. அடுத்த வீட்டில் ஒரு நாழி அரிசி அளந்து வாங்கி, அவ்வளவே திருப்பி அளப்பது குறியெதிர்ப்பை; பரிமேலழகர் கொள்ளும் பொருளும் இதுவே. திருமணத்தில் மொய் எழுதி வைக்கும் நமக்கு இச்சொல்லை மேலும் விளக்க வேண்டுவதில்லை. நண்பரையும் உறவினரையும் செல்வரான அயலாரையும் விடுத்து, ஏழைகளையும் ஊனமுற்றோரையும் விருந்துக்கு அழைக்குமாறு ஆண்டவர் பணிப்பதும் (லூக். 14:12-14) இதே பிரிவினையாம்.

ஆனால் அப்பகுதியின் ஈற்றில், நீதிமான்களின் உயிர்த்தெழுதலில் பதில் கிடைக்கும் என்னும் வாக்குறுதி வருகின்றது. குறள் 222 மேலுலகம் இல்லையாயினும் ஈதல் நன்றே என்கின்றது. இவ்விடத்தில் வள்ளுவர் ஓரடி முன்னே நிற்கின்றார் என்பதை மழுப்பாமல் ஒப்புக்கொள்ளுதலே நேர்மை. (அடுத்த அதிகாரத்தில் ஈவார்க்குப் புகழை அவர் ஊதியமாக வைப்பது வேறு செய்தி.)

செய்ந்நன்றியறிதலில் நிலைமை மாறுகின்றது. அவ்வதிகாரத்தின் கட்டளை உதவி பெற்றவனை நோக்கியது. உதவி செய்தவன் அதைக் கையிலெடுத்தால் அது கடன்பத்திரமாகிவிடும். முன்னொரு காலத்தில் ஒரு மாணவனின் கல்லூரிக் கட்டணத்தை நாம் செலுத்தினோம். அவர் பணியில் அமர்ந்தபின், பேருந்து நிலையமொன்றில் நம்மைக் கண்டும் காணாதவர்போல் கடந்து சென்றார். நன்றி கொன்றவனுக்கு உய்வில்லை என்னும் குறள் (110) அன்றிரவு நம் நாவில் தானே வந்தது. நாம் கொடுத்தது நாழி அரிசியே என்பதும் அப்போதுதான் விளங்கிற்று.

உன்னதமானவர் நன்றியறியாதவர்க்கும் நன்மை செய்கின்றார் என்கின்றது லூக்கா 6:35. குறள் 110 கதவடைக்கும் இடம் இது. இங்கே நற்செய்தி கதவைத் திறந்து வைக்கின்றது. இவ்வேறுபாட்டை மறைத்து 'இரண்டும் ஒன்றே' என்போர் இரு நூல்களுக்கும் நியாயம் செய்கிலர்.

அங்ஙனமாயின் நன்றி தேவையற்றதோ? குணமான பத்துத் தொழுநோயாளருள் திரும்பி வந்த சமாரியன் ஒருவனே, மற்ற ஒன்பதின்மர் எங்கே என்று ஆண்டவர் வினவுகின்றார் (லூக். 17:17). ஆயினும் அவர்கள் பெற்ற நலம் பறிக்கப்பட்டதாக லூக்கா எழுதவில்லை. அவ்வினாவைக் கடன் கேட்பவரின் குரலிலேயே நாம் வாசித்துப் பழகிவிட்டோம். காணாமற்போனதைத் தேடுபவரின் குரலில் வாசிப்பதே, பதினைந்தாம் அதிகாரத்தை எழுதிய ஆசிரியருக்குப் பொருந்தும் என்பது நம் கருத்து.